காலி வீட்டில் குடியிருந்தவர் வாடகை தர வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அடுத்தவரின் காலி வீட்டில் ஒருவர் கேட்காமல் குடியிருந்தாலும் யூத மதச் சட்டப்படி வாடகை தர வேண்டியதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. வரி தப்பில்லை, ஆனால் பாதிதான். அதோடு நிறுத்தினால், யூத ரபிகள், அதாவது மதச் சட்ட அறிஞர்கள், ஆக்கிரமிப்புக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளிலேயே காலம் தள்ளிய வக்கீல். யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் பாவா கம்மா என்ற பகுதியின் 20, 21ஆம் ஏடுகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது, நம் முன்சீப் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், நடந்த விவாதம் அது. வாடகைக்கு விடும் வீட்டில், வழக்கமாக வாடகைக்கு இருப்பவர் கேட்காமல் குடியேறினால் பணம் தர வேண்டும். அதில் சண்டையே இல்லை. வாடகைக்கு விடாத வீடு, வந்தவருக்கும் தங்க வேறு இடம் சும்மாவே இருக்கிறது என்றால் தர வேண்டாம். இவருக்கு என்ன லாபம், அவருக்கு என்ன நஷ்டம்? சிக்கல் நடுவில் இருக்கிறது. வீட்டுக்காரர் வாடகைக்கு விடுகிற எண்ணமே இல்லாதவர். வந்தவரோ வேறெங்காவது போயிருந்தால் வாடகை கொடுத்திருப்பார். இவருக்கு ஆதாயம் உண்டு, அவருக்கு இழப்பு இல்லை. இப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ரவ் ஹிஸ்தா என்ற ரபி தன் மருமகன் ராமி பார் ஹாமாவிடம் சொல்கிறார். 'இது மிஷ்னாவிலேயே இருக்கிறதே' என்கிறார் மருமகன். மிஷ்னா என்பது தல்மூது விவாதிக்கும் பழைய மூலச் சட்ட நூல். எங்கே என்று கேட்டால், முதலில் எனக்கு ஒரு பணிவிடை செய்யுங்கள் என்கிறார்! மாமனார் மாப்பிள்ளையின் துண்டை எடுத்து மடித்துக் கொடுத்த பிறகுதான் விடை வருகிறது. பொது வழியில் கிடந்த விளைபொருளை ஒரு மாடு தின்றுவிட்டால், மாட்டுக்காரர் முழு நஷ்டத்தைத் தர வேண்டாம், தனக்கு மிச்சமானதைத் தந்தால் போதும் என்கிறது மிஷ்னா. அந்த மிச்சத்தை எப்படிக் கணக்கிடுவது? தீவன விலை என்கிறார் ரப்பா. மலிவு விலைக்குக் கிடைக்கும் பார்லியின் விலை என்கிறார் ராவா. இதையே ஆதாரமாக வைத்து, குடியிருந்தவரும் தர வேண்டும் என்கிறார் ராமி. ரவ் ஹிஸ்தா ஒப்புக்கொள்கிறார். ஆனால் ராவா விடவில்லை: விளைபொருளை இழந்தவருக்கு நஷ்டம் உண்டே, காலி வீட்டுக்காரருக்கு ஏது? ராமிக்குப் பின் ரவ் ஹிஸ்தாவின் அதே மகளை மணந்தவர் இந்த ராவா என்பது கூடுதல் சுவாரசியம்.

கடைசியில் வாடகை வேண்டாம் என்ற பக்கமே ஓங்குகிறது. அதற்குச் சொன்ன ஒரு காரணம் நம்மூர்க் காதுக்கு அந்நியமாகப் படாது. ஆளில்லாத வீட்டை ஒரு பாழ்சக்தி இடிக்கும், ஆள் இருந்தால் வீடு பிழைக்கும் என்று பைபிளின் ஏசாயா 24:12ஐக் காட்டுகிறார்கள். 'நானே பார்த்திருக்கிறேன், மாடு மாதிரி முட்டும்' என்று சாட்சி சொல்கிறார் மார் பார் ரவ் அஷி. ரவ் யோசேப் இன்னும் நடைமுறையாக, ஆள் புழங்கும் வீடுதான் நிலைக்கும் என்கிறார். இந்த இரண்டு காரணங்களும் எங்கே வேறுபடும் என்றும் பார்க்கிறார்கள்: சொந்தக்காரர் அங்கே விறகும் வைக்கோலும் போட்டு வைத்திருந்தால்? ரவ் யோசேப் கணக்கில் அந்த வீடு ஏற்கெனவே புழக்கத்தில்தான் இருக்கிறது, வந்தவரால் அதற்குப் புது நன்மை இல்லை.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட பாதி இனிமேல்தான் வருகிறது. வீடு புதியது, குடியிருந்தவரால் சுவர் கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையடிக்க ஆகும் செலவு சொற்பம். ஆனால் அந்தச் சொற்ப நஷ்டம் வந்ததுமே முழு வாடகையும் தலையில் ஏறிவிடும். 1565இல் வெனிஸில் அச்சான யோசேப் காரோவின் சட்டத் தொகுப்பு, ஷுல்ஹான் அரூக், அதன் ஹோஷென் மிஷ்பாட் என்ற பாகத்தின் 363ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நான் பார்த்த வழக்குகளில் சமையலறைச் சுவரில் புகை படியாத வீடு ஒன்றுகூட இல்லை. எனவே இந்தச் சலுகை நடைமுறையில் எவ்வளவு ஒல்லியானது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: வீட்டுக்காரர் 'வெளியே போ' என்று சொல்லியும் போகாதவர் முழு வாடகையும் கட்ட வேண்டும்.

அநாதைப் பிள்ளைகளின் நிலம் ஒன்றில் ஒருவர் மாளிகையே கட்டிவிட்ட கதையும் அங்கே வருகிறது. அங்கே முன்பு இருந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஏதோ சிறு தொகை கொடுத்து வந்தார்கள். 'போய்ப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்து' என்றார் நீதிபதி ரவ் நஹ்மான். கட்டியவர் காதில் வாங்கவில்லை. மாளிகையையே பறித்துவிட்டார் ரவ் நஹ்மான்! நம் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2(12)ஆம் பிரிவோ, ஆக்கிரமித்தவர் சொந்தக்காரருக்குத் தர வேண்டிய ஆதாயத்தைக் கணக்கிடும்போது, அவரே செய்த மேம்பாட்டால் வந்த வருமானத்தைக் கழித்துவிடச் சொல்கிறது. அந்தப் பிரிவு அனுபவித்தவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைத்திருக்கலாம் என்றே கேட்கிறது. சொந்தக்காரர் வாடகைக்கு விட்டிருப்பாரா என்பதை அதில் தேட வேண்டாம். ரபிகள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு காசாவது நஷ்டம் என்று தெரிந்த பிறகே ஆதாயத்தை அளக்க உட்காருகிறார்கள்.

இன்னொரு குழப்பம். வாடகை பாக்கி இல்லை என்பதும், நுழைய உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. தனக்கு நஷ்டமில்லாதபோதும் அடுத்தவருக்கு உதவ மறுப்பதைச் பைபிளில் கொடுமைக்குப் பேர்போன சோதோம் நகரத்தாரின் குணம் என்பார்கள் ரபிகள். சில இடங்களில் நீதிமன்றமே கட்டாயப்படுத்தும். அப்படியென்றால் காலி வீட்டைத் திறந்துவிடும்படி வீட்டுக்காரரையும் கட்டாயப்படுத்தலாமே? முடியாது என்கிறார்கள் தோசாஃபோத் எனப்படும் இடைக்காலத் தல்மூது உரையாசிரியர்கள். என் வீட்டில் இருக்காதே என்று தடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. வாடகை வேண்டாம் என்பதெல்லாம் நடந்து முடிந்த பிறகு பேசுகிற கணக்கு.

18ஆம் நூற்றாண்டில் இந்த ஆதாய-நஷ்டக் கேள்வி அச்சகம் வரை போனது. தல்மூதுக்குத் தான் எழுதிய உரையை, மூலத்தோடு சேர்த்துத் தன் செலவில் அச்சுக் கோக்கச் செய்தார் ஒருவர். வேலை முடிந்ததும் அச்சகக்காரர் மூலத்துக்குக் கோத்த எழுத்துகளைக் கலைக்காமல், அதே கோப்பில் உரையில்லாத பதிப்பைத் தன் கணக்கில் அடித்துக்கொண்டார். எழுத்தும் அச்சகக்காரருடையதுதான், உரைக்காரருக்கு என்ன நஷ்டம்? பிராக் நகரின் ரபி யெஹெஸ்கேல் லாண்டாவிடம் வழக்கு வந்தது. மலிவான மறுபதிப்பு கடைக்கு வந்தால் உரைக்காரரின் புத்தகத்தை வாங்குபவர் குறைவார், ஆகவே கோப்புச் செலவில் அச்சகக்காரரும் பங்கு தர வேண்டும் என்றார் அவர்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. 'வெளியே போ' என்று சொல்லும் வரை வாடகை ஓடாது என்றால், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர், ஆள் நுழைந்ததே தெரியாதபோது எப்படிச் சொல்வார்? உங்கள் கட்டுரையாளர் எழுதியது அத்தகைய வீடுகளைப் பற்றித்தான். அடுத்த முறை யூதச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தால், இதற்கும் அவர் பதில் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உரிமையியல் வழக்கறிஞர்,
கும்பகோணம்