பூஸ்டரைக் கழற்றிப் போட்டேன், சரசு

பீடோங்
ஞாயிறு மத்தியானம்

அடி சரசு,

தீபாவளிக்கு நீ முறுக்கு அனுப்பிய டின்னைத் திருப்பித் தராமலே அடுத்த தீபாவளி வந்துவிடும் போலிருக்கிறது. கோபமாக இருப்பாய், தெரியும். இதை வாட்சாப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். விஷயம் கட்டைவிரலுக்கு அடங்காது, அதனால்தான் கடுதாசி. இங்கே எல்லாரும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வரும். உன் மருமகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆனதாக முனியம்மா சொன்னாள். ஆணா பெண்ணா என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. அவள் காதுதான் உனக்குத் தெரியுமே. நீயே எழுது.

கேள். தகரக் கூரைமேல் ஏறினேன். நான்தான், 63 வயதில்.

மூன்று வாரமாக வீட்டில் டிவி இல்லை. முதலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் வாய் ஒரு பக்கம் நிற்கும், கன்னம் இன்னொரு பக்கம் போகும், குரல் திக்கும். பிறகு அதுவும் போய்க் கறுப்புத் திரை, நடுவில் ‘தியாடா இஷாராத்’ என்று இரண்டே வார்த்தை. சிக்னல் இல்லையாம்! வாசலில் நின்றால் குனோங் ஜெராய் மூக்கில் இடிக்கிறது. 1,217 மீட்டர் மலை, அதன் உச்சியில்தான் ஒளிபரப்புக் கோபுரம். கப்பல்காரர்களுக்கு இந்த மலைதான் அடையாளம், 1025-ல் ராஜேந்திர சோழன் படையும் இதைப் பார்த்துத்தான் கடாரத்துக்கு வந்திருக்கும் என்று பெரிய வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாரே. கடல் தாண்டி வந்தவனுக்கு வழி காட்டிய மலை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற எனக்கு டிவி இரண்டைக் காட்டமாட்டேன் என்கிறது.

பழைய டிவி என்றால் நமக்குத் தெரியாத வைத்தியமா? 1992 தோமஸ் கிண்ணப் பூப்பந்து ஞாபகம் இருக்கிறதா? கையை எடுத்தால் படம் போகிறது என்று உன் வீட்டுக்காரர் ஆட்டம் முடியும்வரை ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாரே. மலேசியா 3-2 என்று ஜெயித்ததை லயத்தில் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கும் கேட்டால் அந்தக் கிண்ணத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பார்.

அந்தப் படத்துக்கு மானம் ரோஷம் கிடையாது. பனி கொட்டினாலும் வரும், ஒரு ஆளுக்கு இரண்டு தலை வைத்துக்கொண்டாவது வரும். இந்த டிஜிட்டல் ரோஷக்காரி. சிக்னலில் கொஞ்சம் தப்பு இருந்தால் டிவியோடு மாட்டுகிற டிஜிட்டல் டப்பாவே அதைத் திருத்திக்கொண்டு முத்து மாதிரி படம் காட்டும். தப்பு கையை மீறிப் போனால் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடும். அதனால் மேலே ஒயர் மாதக்கணக்கில் அழுகிக்கொண்டிருந்தாலும் கீழே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது. ‘நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று நானும் பத்துப் பேரிடம் சொன்னேன். நேற்று நன்றாக இல்லை சரசு, நன்றாக இருந்த மாதிரி நடித்திருக்கிறது.

முதலில் டப்பாவைச் சந்தேகப்பட்டேன். 2019-ல் ஜூலையில் லங்காவியில் ஆரம்பித்து அக்டோபர் கடைசிக்குள் சபா, சரவாக் வரைக்கும் பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்களே, அப்போது அம்மா பேருக்கு இலவசமாக வந்த டப்பா அது. பக்கத்து வீட்டு டப்பாவை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கறுப்பு. சரி, டப்பா மேல் பழி இல்லை.

பிறகு கடைக்காரர். பெயர் வேண்டாம், உனக்கும் தெரிந்த முகம்தான். வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஏணிகூடக் கேட்கவில்லை. ‘சிக்னல் வீக் அக்கா, பூஸ்டர் போடணும்’ என்றார். மறுநாள் பையனை அனுப்பிக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டு 120 வெள்ளி வாங்கிக்கொண்டார். அதுவரை அரைகுறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு சேனலும் அன்றோடு போயின! போன் போட்டால், ‘இன்னும் பெரிய பூஸ்டர் இருக்கு அக்கா.’

கோலாலம்பூரில் இருந்து மகன் அவன் பங்குக்கு, ‘எதுக்கும்மா இந்தக் கஷ்டம், மாசக் காசு கட்டி சாட்டிலைட் தட்டு போட்டுக்கலாம்’ என்றான். காசு அவன் கட்டுவானாம். மூன்று மாதம் கட்டுவான், தெரியாதா.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 87 ஆகிறது. தினமும் தமிழ்ச் செய்திக்கு முன்னால் முகம் கழுவித் திருநீறு பூசி, வீட்டுப் புடவையை அவிழ்த்துவிட்டு வேறு கட்டிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காரும். அந்தப் பெண் வணக்கம் சொன்னால் இது பதில் வணக்கம் சொல்லும். ஏன்மா என்று ஒருநாள் கேட்டதற்கு, ‘வீடு தேடி வந்து வணக்கம் சொல்ற புள்ளைக்கு அழுக்குப் பொடவையோடவா பதில் சொல்றது’ என்றது. டிவி போன பிறகு புடவை மாற்றுவது நின்றது. பகல் தூக்கம், ராத்திரி விழிப்பு. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ரப்பர்ப் பால் வெட்டக் கத்தியைத் தேடியது. ஒருநாள் என்னைச் செல்வி என்று கூப்பிட்டது. திருத்தினேன். மறுநாளும் செல்வி. செல்வி போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வெறி பிடித்தது.

டப்பாவின் மெனுவைத் திறந்தால் இரண்டு கோடு காட்டும். ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று சுத்தம். பலம் 98. சுத்தம் 7, சில நேரம் சுழியம். இதைப் பார்த்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் சொல்? பூனைக்கண்ணன்! ‘ஈயத்தை அள்ளி வெச்சா நல்ல ஜாயிண்ட் ஆயிடுமா?’ என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவானே. பக்கார் ஆராங் பெக்டரியில் பதினெட்டு வருஷம் ஈயம் வைத்தவளுக்கு இது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. மலையடியில் இருக்கிறவளுக்குச் சிக்னல் எப்படி வீக் ஆகும்? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை முழுக்கத் திருகிவிட்டால் பாட்டா கேட்கிறது, கரகரப்புத்தானே? பூஸ்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. வருகிற சிக்னலையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். பழைய டிவி அலைவரிசையின் மேல்பகுதியை இப்போது போனுக்குக் கொடுத்துவிட்டார்களே, பழைய மாடல் பூஸ்டர் அந்த டவரையும் டிவி என்று நினைத்து இழுத்துவந்து பெருக்கும். ‘போன் டவர் வந்ததுலேர்ந்துதான்’ என்று அம்மா முனகும்போது நான் சிரித்திருக்கிறேன். முழுப் பொய் இல்லை போலிருக்கிறது.

டிவிக்குப் பின்னால் பூஸ்டருக்கு ஒரு பிளக் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் போதும் என்று நினைத்தேன். பலமும் போய்ச் சுழியத்தில் நின்றது. அந்தப் பிளக்கில் இருந்துதான் ஒயர் வழியாக மேலே கரண்ட் போகிறது. கரண்ட் இல்லாத பூஸ்டர் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆக, ஏறித்தான் ஆகவேண்டும். எதிர்வீட்டுப் பையன் ஏணியைப் பிடித்தான். ‘ஆன்ட்டி, நான் ஏறட்டுமா?’ என்றான். அவனுக்கு ஒயரை எந்தப் பக்கம் சீவுவது என்று தெரியுமா?

கம்பத்தில் என் வீட்டுக்காரர் மாட்டிவைத்த பழைய நீளக் கம்பி ஆன்டெனா இன்னும் இருக்கிறது, காக்கா உட்காரத்தான் உதவுகிறது. டிஜிட்டல் வருவது யு.எச்.எஃப் என்கிற அலைவரிசையில். ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், அதில் பாதி நம் அடிக்கோல் நீளம். அதனால்தான் மீன்முள் மாதிரி குட்டைக் கம்பி போதுமாகிறது. அந்த மீன்முள் ஒழுங்காக மலையைப் பார்த்தபடிதான் இருந்தது. பூஸ்டரைக் கழற்றினேன். ஆன்டெனாவில் இருந்து வருகிற ஒயரின் மூடியைத் திருகினேன், வராமல் பல்லைக் காட்டியது. சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் வந்தது. உள்ளே தண்ணீர், சரசு! துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நடுச் செம்பு பச்சை பிடித்திருக்கிறது. வெளிப்பின்னலில் இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை வளைந்து போய் நடுச் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஷோர்ட்! இதைக் கண்டுபிடிக்கத்தானே நமக்குச் சம்பளம் கொடுத்தார்கள். லென்சுக்கு அடியில் நாள் முழுக்க இந்த முடியைத்தானே தேடினோம்.

ஒரு முழம் ஒயரை வெட்டி எறிந்தேன், நல்ல செம்பு வரும்வரை. சீவி, பின்னலைப் பின்னுக்கு மடித்து, புது மூடி போட்டேன். அது இரண்டு வெள்ளி. கறுப்பு டேப் சுற்றினேன். மழைத் தண்ணீர் ஒயர் வழியே ஓடி உள்ளே போகாமல் கீழே சொட்டட்டும் என்று ஒரு தொங்கல் விட்டுக் கட்டினேன். பையனை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று திரும்புவதற்குள், வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரல், நல்ல சத்தமாக:

‘வணக்கம்மா!’

கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். தகரம் சுட்டது, பரவாயில்லை. இறங்கும்போதுதான் முட்டியை இடித்துக்கொண்டேன்.

இப்போது பலம் 74, சுத்தம் 96. எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன், கடைக்காரர் வந்தால் காட்ட.

உள்ளே போனேன். அம்மா வீட்டுப் புடவையோடுதான் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, ‘செல்வி, அக்காவக் கூப்பிடு, செய்தி வந்துடுச்சி’ என்றது. கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை திருத்தவில்லை.

கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்கு அடுத்த மாதம் போகவேண்டும். உன் மாமிக்கு இப்படித்தானே தொடங்கியது? நீ அப்போது சொன்னபோது நான் சரியாகக் காது கொடுக்கவில்லை, மன்னித்துக்கொள். ராத்திரியில் எழுந்து நடந்தால் என்ன செய்தாய்? வாசற்கதவைப் பூட்டினாயா? பெயரை மாற்றிக் கூப்பிட்டால் திருத்தினாயா, அப்படியே விட்டாயா? டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அந்தத் தாளுக்காகத்தான் இத்தனை பக்கமும்.

முறுக்கு டின்னில் இப்போது அந்தப் பூஸ்டர் இருக்கிறது. டின் வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். பள்ளி லீவில் வா.

உன்
லெட்சுமி