தெப்ராவ் ரயிலை நிறுத்த அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தையும் மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள புக்கிட் சாகரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் எனப்படும் விரைவு ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் என்பதும், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதும், கடற்பாலத்தின் பேருந்து வரிசைகளில் கால்கடுக்க நிற்கும் எவருக்கும் நற்செய்தியே.

ஆனால், அச்சேவை தொடங்கிய ஆறு மாதங்களுக்குள், உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே 2015ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் ஷட்டில் தெப்ராவ் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு மறுபரிசீலனைக்குரியது. ஏறக்குறைய ஐந்து நிமிடங்களில் நீரிணையைக் கடக்கும் அந்தச் சிறிய ரயிலில், வாரஇறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் இடம் கிடைப்பதே அரிது. (இங்கிருந்து செல்ல ஐந்து வெள்ளி, அங்கிருந்து வர ஐந்து ரிங்கிட் என்ற விசித்திரக் கட்டணத்தையும் மீறித்தான்!)

புதிய தடத்தில் தொடக்கக்காலக் கோளாறுகள் ஏற்பட்டால், கூட்டம் முழுவதும் மீண்டும் சாலைக்கே திரும்பும். ஆகவே, பயணிகள் புதிய சேவைக்குப் பழகி, அதன் நம்பகத்தன்மை உறுதிப்படும் வரையிலாவது, காலை, மாலை நெரிசல் நேரங்களில் மட்டுமேனும் தெப்ராவை இயக்குவது குறித்து இரு அரசாங்கங்களும் ஆலோசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்