ஹெட்ஃபோன் வாங்க வருமுன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் கடையில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லி இம்மடலைத் தொடங்குகிறோம். இந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து முதிய அம்மையார் ஒருவர், இரவில் பழைய பக்திப் பாடல்களைக் கேட்க நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும் என்று வந்தார். அப்பகுதியின் பல வீடுகளைப் போல அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர்தான். ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால் அங்கே கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று வருந்தினார். ‘நல்ல’ என்ற ஒரு சொல்லை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்தவற்றுள் மிகவும் மதித்து வைத்திருந்த சென்ஹைசர் எச்.டி. 600-ஐ அவர் கையில் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். கைபேசியில் ஒலியை முழுவதும் ஏற்றிய பிறகும் பாட்டு மெல்லியதாகவே கேட்கிறது என்றார். அந்த மெல்லிய பாட்டும் வெளியே கசிந்து, அதே அறையில் படுத்திருக்கும் பேத்தியின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றும் சொன்னார்.

அந்த ஹெட்ஃபோனில் ஒரு குறையும் இல்லை. அவர் எதில் கேட்கிறார், எந்த அறையில் கேட்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்காமல் விட்டதுதான் குறை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து, இக்கேள்விகளைக் கேட்காமல் யாருக்கும் எதையும் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வாங்க வந்தவரிடம் இத்தனை விசாரணையா என்று சிலர் முகம் சுளிப்பதையும் கவனித்தோம். ஆகவே அதன் காரணத்தை விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் ஒலி ஏன் மெலிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஹெட்ஃபோன் பெட்டிகளின் மேல் ஓம் என்ற மின்தடை அளவும் டெசிபெல் என்ற ஒலி அளவும் அச்சிடப்பட்டிருக்கும். ஓம் அளவு கூடக்கூட, அதே சத்தத்தைப் பெறக் கூடுதல் வோல்ட் தேவைப்படுவது பொதுவான இயல்பு. அம்மையாரிடம் நாங்கள் கொடுத்தது 300 ஓம் கொண்டது. ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபெல் ஒலிப்பது. கைபேசியில் செருகும் சிறு இணைப்பான்களில் சில அரை வோல்ட்டுக்கு மேல் தருவதில்லை. வோல்ட் பாதியானால் ஆறு டெசிபெல் குறையும். எனவே உச்சமே 91 டெசிபெல்தான். பழைய பாடல்களின் சராசரி ஒலி அந்த உச்சத்திற்குப் பதினைந்து டெசிபெல்லோ அதற்கும் மேலோ கீழே இருக்கும் என்பதையும், முதியவரின் செவித்திறனையும் சேர்த்துப் பார்த்தால், அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது விளங்கும். கைபேசியிலோ மடிக்கணினியிலோ நேராகச் செருகிக் கேட்பவர்கள், வேறு காரணம் இல்லாவிட்டால், 16-க்கும் 80-க்கும் இடைப்பட்ட ஓம் அளவுள்ளதை எடுப்பதே நலம்.

டெசிபெல் எண்ணைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விவரம் அறிந்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று எழுதுகின்றன, சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று எழுதுகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றில், மில்லிவாட்டுக்கு 97 என்று போட்டிருப்பதும் வோல்ட்டுக்கு 112 என்று போட்டிருப்பதும் ஒரே திறனைத்தான் குறிக்கும். ஆகவே இரண்டு பெட்டிகளிலும் 97 என்று இருக்கிறதே, இரண்டும் சமம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு எங்களிடம் கேளுங்கள்.

அதே 300 ஓம் ஹெட்ஃபோனைப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டிலிருந்து வந்த அன்பர் ஒருவர் எடுத்துப் போனார். அவர் தந்தையார் காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று அவர் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அக்காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஹெட்ஃபோன் துளை, ஸ்பீக்கர் இணைப்பிலிருந்தே ஒரு மின்தடையம் வழியாக எடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய துளையில் இக்காலத்துக் குறைந்த ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால், ஒலியின் சமன் மாறி, சிலவற்றில் கீழ்ச்சுருதி அளவுக்கு மீறி வீங்கிவிடும். 300 ஓமுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. கொடுக்க வேண்டிய வோல்ட்டும் அங்கே தாராளமாக உண்டு. அம்மையாருக்குப் பொருந்தாதது அந்த அன்பருக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

இனி ஒலி கசிந்த காரணம். ஹெட்ஃபோன்களில் பின்புறம் மூடியது, பின்புறம் திறந்தது என்று இரு வகை உண்டு. திறந்த வகையை 1968-இல் சென்ஹைசர் நிறுவனமே எச்.டி. 414 என்ற பெயரில் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திறந்த வகையில் பாட்டு தலைக்குள் அடைபட்டது போலத் தோன்றாமல் காற்றோட்டமாகக் கேட்கும். ஆனால் வெளியோசை உள்ளே வரும், உள்ளோசை வெளியே போகும். தனியறையில் இருப்பவருக்கு அது பொருட்டில்லை. பலர் கூடி வாழும் வீட்டில் மூடிய வகையே உதவும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் மூடிய வகையின் செயற்கைத்தோல் மெத்தை அரை மணி நேரத்தில் காதை வியர்க்கவைத்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; வெல்வெட் போன்ற துணி மெத்தை போட்ட மாதிரிகள் நமக்கு ஏற்றவை. மெத்தையைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். செயற்கைத்தோல் நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் உரிந்து கறுப்புச் செதிலாக உதிரும். மெத்தை கிடைக்காவிட்டால் நன்றாக ஓடும் ஹெட்ஃபோனையே தூக்கி எறிய நேரிடும்.

நம்மவர்கள் கேட்கும் இசையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடைகளில் மாதிரிக்கு ஒலிக்கவிடும் பாட்டுகள் பெரும்பாலும் வேறு வகை இசைக்காகத் தேர்ந்தவை; அவற்றைக் கேட்டு மயங்கி வாங்கியவர் வீட்டுக்குப் போய் நாதஸ்வரம் வைத்ததும் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் மிகக் கூர்மையானது. நாதஸ்வரத்தின் மேலொலிகள் அங்கேதான் திரண்டு நிற்கின்றன. அப்பகுதியைத் தூக்கிவைத்துச் செய்யப்பட்ட ஹெட்ஃபோனில் ஆலாபனை பத்து நிமிடத்தில் காதைக் குடையும். மிருதங்கத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது. தொப்பி எனும் இடப்பக்கத்தின் கும்கி மேலும் கீழும் வளைந்து செல்வது தெளிவாகக் கேட்க வேண்டும். எந்த அடி விழுந்தாலும் ஒரே ‘தும்’ என்று கேட்டால், அந்தக் கருவி கீழ்ச்சுருதியை வீங்கவைக்கிறது என்று பொருள். தம்புராவின் ஒலி மெல்ல விரிந்து ஒன்றோடொன்று இழைவதை ஒரு நிமிடம் கவனித்தால், விலை உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உண்மையில் வேறுபாடு உண்டா இல்லையா என்பதை உங்கள் காதே சொல்லிவிடும். எங்கள் அனுபவத்தில், பல வேளைகளில் நடுத்தர விலையிலேயே அந்த வேறுபாடு நின்றுவிடுகிறது.

ஐம்பதுகளின் திரைப்பாடல்களும் பழைய கச்சேரிகளும் மோனோவில், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாக, பதிவானவை. ஹெட்ஃபோனில் அவை நெற்றிக்கு நடுவில் ஒரே புள்ளியாகக் கேட்கும். அது கருவியின் பழுதன்று. இசைத்தட்டில் கேட்பவர்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ தட்டின் பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது தூசியும் கீறலும்தான். இரு பக்கங்களையும் ஒன்றாகக் கலக்கும்போது அந்த இரைச்சலில் ஒரு பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளை, எல்.பி. எனும் பிற்கால நெடுந்தட்டுக்கான ஊசியில் ஓட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். எல்.பி. ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு வேண்டியது ஏறத்தாழ 70 மைக்ரான். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுக்கில் உராய்ந்துகொண்டு போவதால் பாட்டைவிடக் கரகரப்பே அதிகம் கேட்கும். ஊசியை மட்டும் மாற்றியதும் தாத்தாவின் தட்டில் குரல் எழுந்து வந்ததைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் எங்கள் கடையில் உண்டு.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுழலும் பழைய மோட்டார் பொருத்திய ரெக்கார்டு பிளேயர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்கும் சற்று மேல் சுழல வேண்டிய தட்டு இருபத்தெட்டுச் சுற்றைக்கூட எட்டாது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் ஏறத்தாழ மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும். கப்பியை மாற்றிச் சரிசெய்யக்கூடிய மாதிரிகளும் உண்டு. வாங்கும் முன் மாதிரியின் பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்கிறோம்.

மின்வெட்டு வேளையில் ஆம்ப்ளிஃபயரின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் போகும்போதைவிட அது திரும்பி வரும் நொடியில் பாயும் மின்னெழுச்சிதான் கருவியைக் கொல்கிறது. மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்சார அலை படிக்கட்டு வடிவானது. அதில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் உறுமும், டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். சீராக வளைந்தோடும் தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருந்தால் கவலையில்லை.

ஸ்பீக்கர் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் வாட் எண்ணையே முதலில் கேட்கிறார்கள். வாட் இரு மடங்கானால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஐம்பது வாட்டுக்குப் பதில் நூறு வாட் வாங்குவதற்குக் கூடுதலாகச் செலவழிக்கும் தொகையை ஒரு கனமான தரைவிரிப்பில் போடுங்கள் என்போம். நம் வீடுகளில் தரை ஓடு, சுவர் சிமெண்டுப் பூச்சு. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஓசை கிணுகிணுத்தால், எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரிலும் பாட்டின் சொற்கள் கலங்கியே கேட்கும். விரிப்பு, தடித்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை அதைத் தணிக்கும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைக்காமல் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள்.

வீட்டில் பழைய ஸ்பீக்கர் இருந்து, கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் மாவாக உதிர்ந்திருந்தால், அதை எறிந்துவிட வேண்டாம். பாலியூரித்தேன் பஞ்சு நம் ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இப்படிச் சிதைவது இயல்பு. வளையத்தை மட்டும் மாற்ற முடியும். நாங்களே செய்து தருகிறோம்.

புளூடூத் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. இன்றைய நல்ல புளூடூத் ஹெட்ஃபோன்களின் ஒலி வீட்டில் கேட்பதற்குப் போதும். ஆனால் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களுக்குச் சில இணைகளில் உதடு ஒரு புறமும் சொல் ஒரு புறமும் போகும். பேட்டரியும் சில ஆண்டுகளில் தளரும். கம்பியுள்ளது இவ்விரண்டிலும் உங்களைக் கைவிடாது.

ஒலியளவைப் பற்றிப் பெற்றோரிடம் அக்கறையோடு பேச விரும்புகிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று வரம்பு சொல்கிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாக வேண்டும். 89 டெசிபெல்லில் கேட்கும் பெரியவருக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரமே மிஞ்சுகிறது. முதியவர்களுக்கு வேறு ஒரு வேண்டுகோள்: பாட்டு கேட்கிறது, ஆனால் சொல் புரியவில்லை என்றால், அது உயர்சுருதியைக் கேட்கும் திறன் வயதினால் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். பெரிய ஹெட்ஃபோன் வாங்குமுன் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்படித் திருப்பி அனுப்புவதால் எங்கள் விற்பனை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கேட்டுப் பெறும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. அதற்கு மேலாக எங்கள் கடையின் சொந்த ஏற்பாடு ஒன்று: பொருளில் குறை இல்லாமல் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றாலும், பதினான்கு நாட்களுக்குள் மாற்றித் தருவோம். காதுக்குள் செருகும் வகைக்கு மட்டும் தூய்மை கருதி இது பொருந்தாது. அவற்றைக் கடையிலேயே புதிய முனை போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை, கடையின் பின்னறையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் கைபேசியையும், நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களையும் கொண்டு வாருங்கள். இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துத் தருவோம். சற்றே உரக்க ஒலிப்பதுதான் சிறந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறோம். இசைத்தட்டு கொண்டுவருவோர் உறையோடு நிமிர்த்தி வைத்து எடுத்து வரவும். வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட வேண்டாம். டர்பன் சூட்டில் ஒரு மணி நேரத்தில் தட்டு வளைந்துவிடும்.

அன்புடன்,
கடைப் பொறுப்பாளர்கள்
டர்பன்