நாயக்கர் மகால் சுதையில் சிமெண்ட் கலக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூண்களின் உயரத்தையும் பருமனையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியும் அழகு அத்தனையும், யாளி முதல் வளைவுகளின் இதழ் வேலை வரை, சுண்ணாம்புச் சுதை. பழுதுபார்க்கும்போது அதில் சிமெண்ட் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

1636இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது சொர்க்கவிலாசமும் நாடகசாலையும்தான். அரண்மனையின் இன்னொரு பகுதியான ரங்கவிலாசத்தின் மிச்சத்தைப் பத்துத்தூண் சந்தில் கடைகளுக்கு நடுவே பார்க்கலாம். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பிரித்தெடுத்துப் போனார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு முயன்று பழுதுபார்த்திராவிட்டால் இந்த அளவுகூட நின்றிருக்காது.

சிமெண்ட் ஏன் கூடாது? செங்கல்லும் காரையும் சேர்ந்த பழைய சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே பூத்து, செங்கல்லை மாவாக்குகிறது. வெளியே பூச்சு கெட்டியாகத்தான் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். சில ஆண்டுகளில் பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு பாளமாக விழும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே கேட்டைத்தான் செய்யும். அங்கே அடிக்க வேண்டியது சுண்ணாம்பு வெள்ளை மட்டுமே.

சரியான முறை கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல, அவசரம்தான் கெடுக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துத் தண்ணீருக்குள் குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். நீறாத துகள் உள்ளே தங்கினால் பூசிய பின் ஈரம் பட்டுப் பொரிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு குழி விழும். விதை நீக்கி உடைத்த கடுக்காயையும் கருப்பட்டியையும் தனியே தண்ணீரில் போட்டு, பத்துப் பதினைந்து நாள் புளிக்கவிட்டு வடிகட்டிச் சேர்ப்பார்கள். கருப்பட்டி மிஞ்சினால் காரை இறுகாது, எறும்பும் வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு உப்பில்லாத மணல். இந்தக் கலவையைச் செக்கில் அரைப்பதே நல்லது.

பூசுவதற்கு முந்தின நாளே சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் பூச்சிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுதை பொடியாக உதிரும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது; அது இறுகிய பிறகே அடுத்தது. கடைசியில் வருவது அம்மியில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த சாந்து. அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பு ஏற்றுவார்கள். பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்கு தொங்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. அதற்கு ஈரமும் காலமும் வேண்டும். 'சீக்கிரம் இறுகட்டும், ஒரு சட்டி சிமெண்ட் போடு' என்ற யோசனை இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் வருகிறது. அந்த ஒரு சட்டியே போதும், கேடு தொடங்க.

இவ்வளவும் செய்தாலும் மேல்தளம் ஒழுகினால் பயனில்லை. முதலில் தளத்தில் பதித்த தட்டை ஓடுகளான தட்டோட்டின் இடுக்குகளையும் மழைநீர் வடிகால்களையும் பார்த்துவிட்டுத்தான் கீழே சாந்துச் சட்டியைத் தூக்க வேண்டும். சுவரின் மேலே நீட்டியிருக்கும் விளிம்பான கார்னிஸில் புறா எச்சம் தேங்கினால் அதன் அமிலம் சுதையை அரிக்கும். பறவைகள் போடும் விதையிலிருந்து முளைக்கும் அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் பூச்சுதான் வரும், வேர் உள்ளேயே இருக்கும். வெட்டி, வேரைச் சாகடித்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். தூணில் பெயர் கீறுகிறவர்களும் ஒன்றை அறிய வேண்டும்: மேலே இருக்கும் அந்த மெல்லிய பளபளப்புத் தோல் கீறப்பட்டால், ஈரமும் அழுக்கும் இறங்க அதுவே வாசல்.

மகாலைப் பராமரிக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த பழுதுபார்ப்புப் பணிக்கான ஒப்பந்தத்தில் 'சிமெண்ட் அறவே கூடாது' என்று எழுதுங்கள். கலவை அளவையும் ஊறவைத்த நாட்களையும் மகால் வாசலில் பலகையில் போடுங்கள். மாதிரிக்கு ஒரு சதுர அடி பூசி, ஒரு மழைக்காலம் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகு மற்ற இடங்களில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கட்டட வேலை அறிந்த வாசகர்கள்,
மதுரை