ஊரை விட்டுப் போகாத நீதிபதி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரிக்கு மாற்றலாகிப் போகிறேன் என்று நீ சொன்னதும் உன் அப்பா வீட்டு வாடகை என்ன என்று விசாரித்தார். எனக்கு ஃபிராங்க் ஜான்சன் ஞாபகம்தான் வந்தது. இத்தனை வருடம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவளுக்கு, ஊர்ப் பெயரைக் கேட்டால் அங்கே யார் ஜட்ஜ் என்றுதான் புத்தி போகும். போனில் சொன்னால் "சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

1918-ல் வடக்கு அலபாமாவில், வின்ஸ்டன் கவுண்டியில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில் மாநிலம் நாட்டை விட்டுப் பிரிந்து போவதற்கு ஒத்துக்கொள்ளாத மலைப்பகுதி அது. 1943-ல் சட்டம் முடித்தார், உடனே ராணுவம். இரண்டாம் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாக பிரான்ஸின் நார்மண்டி சண்டையில் காயம்பட்டார். வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. திரும்பி வந்து வக்கீலாக இருந்தவரை 1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மாண்ட்கோமரிக்கு மத்திய அரசின் மாவட்ட நீதிபதியாகப் போட்டார். பதவியேற்றபோது 37 வயது.

பதவியேற்றுச் சில மாதத்திலேயே பஸ் வழக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் வெள்ளைக்காரருக்குச் சீட்டை விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானதும் அதன் பிறகு நடந்த பஸ் புறக்கணிப்பும் உனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் கறுப்பர்களைத் தனியே உட்கார வைக்கும் சட்டத்தை உடைத்த வழக்கில் அவர் மனுதாரர் இல்லை. வேறு நான்கு பெண்கள் போட்ட வழக்கு அது. அதில் ஒருத்தி கிளாடெட் கொல்வின். சீட்டை விட்டு எழ மாட்டேன் என்று சொல்லிக் கைதானபோது 15 வயதுப் பிள்ளை. அவளும் கூண்டேறிச் சாட்சி சொன்னாள். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். இரண்டில் ஒருவர் ஜான்சன். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்புறம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. வெள்ளை இனவெறியர்கள் மிரட்டலாக வீட்டு முன்னால் சிலுவையை எரித்தார்கள். கொலை மிரட்டல் வந்தபடி இருந்தது. பல வருடம் மார்ஷல்கள் என்ற மத்திய அரசுக் காவலர்கள் வீட்டுக்குக் காவல் நின்றார்கள். 1967-ல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வைத்தார்கள். நல்ல வேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரில் ஜட்ஜுக்கு மூன்று வருடம் ஆனால் மாற்றல் வந்துவிடும். கசப்பான தீர்ப்பு சொன்னவர்கூட அடுத்த ஊருக்குப் போய் மூச்சு விடலாம். இவருக்கு அப்படி இல்லை. தன்னை வெறுத்தவர்கள் நடுவிலேயே குடியிருந்து, மறுநாள் காலையில் அதே கோர்ட்டுக்குப் போனார். போர்க்களத்தில் பக்கத்தில் ஒரு படையே நிற்கும். இங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் தெரிந்த மனிதர்கள். நார்மண்டியைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கவர்னர் ஜார்ஜ் வாலஸ் அவரோடு சட்டக் கல்லூரியில் படித்தவர். அவரும் போருக்குப் போய் வந்தவர், அவரும் கொஞ்ச காலம் ஜட்ஜ். பிற்பாடு மேடை ஏறி ஜான்சனைப் பொய்யர் என்று திட்டினார். 1965-ல் அலபாமாவின் செல்மா ஊரில் கறுப்பர்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்த பிறகு வழக்கு ஜான்சனிடம்தான் வந்தது. நடக்க அனுமதித்தார். இழைக்கப்பட்ட அநியாயம் எவ்வளவு பெரிதோ, அதை எதிர்த்து ஊர்வலம் போகும் உரிமையும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே உத்தரவில், சாலை இரண்டு தடமாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். சாலையின் அகலம் வரை யோசித்து எழுதிய உத்தரவு!

எனக்கு அவருடைய வேலையில் ரொம்பப் பிடித்தது 1972-ல் மனநல மருத்துவமனை வழக்கில் போட்ட உத்தரவு. நோயாளிகளை மனிதர்களாக நடத்து என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. எட்டு பேருக்கு ஒரு கழிப்பறை, பதினைந்து பேருக்கு ஒரு குளியலிடம், ஒரு அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது என்று எண்ணிக்கை போட்டே எழுதினார். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிகிற உத்தரவுகளை நான் எத்தனையோ கட்டுகளில் தைத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுப்பதில்லை. கழிப்பறையை எண்ணிச் சொன்னால் அதிகாரி தப்பிக்க முடியாது.

1999-ல் காலமானார். அவர் இருந்த கோர்ட் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். பக்கத்திலேயே பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையம். பஸ்ஸில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் செய்த 'சுதந்திரப் பயணிகளை' 1961-ல் அடித்த இடம், இப்போது அருங்காட்சியகம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அங்கே விசாரணையை யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போ. ஒரு வழக்காவது முழுசாகக் கேட்டுவிட்டு, பெஞ்ச் கிளார்க் எங்கே உட்காருகிறார், சாட்சியை எப்படிக் கூப்பிடுகிறார் என்று எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா