அடுப்பை இடித்தவள் எழுதுகிறேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழின் குடும்பப் பக்கத்தில் சிக்கனம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தேநீருக்குச் சீனியைக் குறையுங்கள், வரவு செலவை எழுதி வையுங்கள், மூன்று மாதத்துக்கு உலர் உணவு வாங்கி அடுக்குங்கள் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் ஒழுங்கை முகப்பில் உள்ள பெட்டிக்கடையில் ஒரு மாலை நேரம் அவர் வந்து நிற்க வேண்டும். 100 கிராம் சீனி, 100 கிராம் பருப்பு, போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காயெண்ணெய். கூலி வேலை முடித்து வருகிறவர் அன்றைய சம்பளத்தில் அன்றைக்கு உள்ளதை வாங்கிப் போகிறார். கிலோக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூட்டையாக வாங்குகிற என்னைவிட அவர்தான் கூடிய விலை கொடுக்கிறார். மூன்று மாதச் சாமானை ஒன்றாக வாங்க அவர் கையில் எப்போது காசு ஒன்றாகச் சேர்ந்தது? அவரிடம் போய்ச் சீனியைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கட்டுரை என்னைப் போன்றவர்களுக்கு, அதாவது மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறவர்களுக்கும் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் எழுதப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு வயது 68. தட்டுப்பாடு என்று சொல்லத்தக்க காலங்கள் மூன்றைக் கண்டிருக்கிறேன். 1973, 74இல் பாணுக்கு விடிகாலையில் வரிசையில் நின்றோம். ஆனால் வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வராததால் ஐயாவின் தோட்டம் காசாகியது. வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டே இருந்தது. 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை வேறு மாதிரி. மின்சாரம் போனது போனதுதான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைக் கோத்து எரித்தோம். அந்த வெளிச்சத்தில் ஆண்டிறுதிப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்தியிருக்கிறேன். உங்கள் தொழிலுக்கும் அப்போது தாள் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை வாசித்தவள் நான்.

இவ்வளவையும் கண்டவள், இலங்கையின் கையில் டொலர் தீர்ந்து மூன்றாவது தட்டுப்பாடு வந்த 2022இல் எப்படி நின்றிருக்க வேண்டும்? கேளுங்கள்.

2019இல் மகன் பணம் அனுப்பி வீட்டைத் திருத்தினோம். மேசன் குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்தப் புகைக்கூடு இனி எதற்கு ரீச்சர்?” என்று கேட்டார். எனக்கும் எதற்கென்று தெரியவில்லை. அம்மா சமைத்த அடுப்பு, அதன் மேலே நெத்தலிக் கருவாடும் புளியும் புகை படத் தொங்கிய பரண், எல்லாம் ஒரே முற்பகலில் கல்லும் மண்ணுமாகிப் போயின. அந்த இடத்தில் வெள்ளை மாபிள் பதித்தோம். கிணற்றடியில் கப்பி தொங்கிய இரும்புக் குழாயையும் அறுத்து எடுத்தோம். மோட்டார் இருக்கும்போது கப்பி ஏன் என்று கம்பிவலையால் மூடிக் கொண்டி போட்டுவிட்டோம். பின் வளவில் நின்ற இளம் பனை வடலிகளையும் கார் திரும்ப இடம் வேண்டுமென்று தறித்தோம். எங்களிடம் அப்போது கார் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. மோட்டார் ஓடவில்லை. பதினைந்து முழத்தில் நல்ல தண்ணீர் பளபளக்க, நான் கம்பிவலை வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிவாயு அதற்கு முன்பே நின்றுவிட்டது. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வீதியோரத்தில் வரிசையாக விட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். என் சிலிண்டரும் அந்த வரிசையில் நான்கு நாள் நின்றது. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் ஒரே நாளில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவானது. விலை ஏறினால் தாராளமாகக் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை.

மகன் தொலைபேசியில், “யோசிக்காதீர்கள் அம்மா, இன்னும் காசு அனுப்புகிறேன்” என்றான். அனுப்பினான். வங்கிக்குப் போனால் காசு இருந்தது. கடைக்குப் போனால் சாமான் இல்லை. என் ஓய்வூதியப் பணிக்கொடையை வைப்பிலிட்டு வட்டி எண்ணிக்கொண்டிருந்தேனே, அந்தப் பணமும் புத்தகத்தில் அப்படியே இருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஒரு சதமும் செலவழிக்காமலே சேமிப்பில் பாதிக்குக் கிட்ட உருகிவிட்டது. சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஏனோ பேசாமல் போய்விடுகிறார்கள்.

மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்துச் சமைக்கத் தொடங்கினேன். முதல் நாள் அரை மணி நேரம் ஊதியும் புகைதான். வேலிக்கு அந்தப் பக்கம் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைத்து விற்கிற அம்மா குடியிருக்கிறார், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் அடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை. வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “இடிக்கத் தெரிந்த உங்களுக்கு மூட்டத் தெரியவில்லையா ரீச்சர்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் ஈரத் தேங்காய்ப் பொச்சை நேரே வைத்திருந்தேன். அவர் அதை இழுத்தெறிந்துவிட்டு, காவோலையைக் கிழித்து முறுக்கிப் பற்றவைத்து, அதன்மேல் பன்னாடை, பிறகு காய்ந்த பாளை, தணல் பிடித்த பிறகு கடகத்தில் கொண்டுவந்த ஊமலில், அதாவது காய்ந்த பனங்கொட்டைக் கோதில், ஏழெட்டு என்று வைத்தார். ஊமல் சத்தமில்லாமல் நின்று எரிந்தது. சோறு வடித்து, குழம்பு வைத்து, மிச்சத் தணலில் பால் காய்ச்சும்வரை அந்தச் சூடு இருந்தது. பால் என்றால் பால்மா. அதுவும் அன்று கடைசிக் கரண்டி.

அந்த ஊமல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பனம்பழக் காலத்தில் பழத்தைப் பிசைந்து பனாட்டுப் போட்டாயிற்று. விதையைப் பாத்தி போட்டுக் கிழங்கு கிண்டியாயிற்று. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ஒடியல், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல். முளைத்த விதையை வெட்டினால் பிள்ளைகள் தின்ன உள்ளே பூரான் என்கிற பருப்பு. கடைசியில் மிஞ்சிய கோதுதான் அடுப்பில் எரிந்தது. இதற்கு எவரும் டொலர் கொடுக்கவில்லை. மாதம் 5,000 ரூபாவும் நிலையான வருமானம் இல்லாத அந்த அம்மாவின் வீட்டில், என் வீட்டைவிட இரண்டு மாதம் கூடத் தாக்குப்பிடிக்க வழி இருந்தது. அந்த மே, ஜூனில் என் குசினிக்கு வந்த ஒடியல் மாவும் முருங்கையிலையும் அவர் தந்தவை. கடன் கணக்கு இன்னும் தீரவில்லை, கேட்டால் கோபிப்பார்.

ஆகவே உங்கள் கட்டுரையாளரிடம் நான் கேட்பது, அடுத்த முறை சிக்கனம் பற்றி எழுதும்போது வாங்கி அடுக்கும் பட்டியலோடு, எதை இடிக்கக்கூடாது, எதைத் தறிக்கக்கூடாது என்றும் எழுதுங்கள். புது வீட்டுக்கு வரைபடம் கீறுகிறவர்கள் வெளிக்குசினியை வெட்டிவிட்டு அங்கே வாகனத் தரிப்பிடம் போடுகிறார்கள். கீறுகிறவருக்குத் தெரியாது, குடியிருக்கப் போகிறவளாவது ஒரு சொல் சொல்ல வேண்டும். அரிசியாக வாங்கி மூன்று மாதம் அடுக்கினால் வண்டு விழும். நாங்கள் இப்போது மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து நெல்லாக வாங்கி, தேவைக்குத் தேவை அவித்துக் குற்றுவிக்கிறோம். பெட்டிக்கடை விலையில் வாங்கியவர் ஒருவரும் அதில் ஒரு பங்கு. அவர் பங்குக் காசைக் கிழமைக் கிழமை தருகிறார்.

2023இல் பின்பக்கம் தகரம் இறக்கி மறுபடி ஓர் அடுப்பு கட்டுவித்தேன். அதே மேசன்தான். புகைக்கூட்டைத் தலைகீழாக நினைத்தாரோ என்னவோ, கச்சான் காற்று வீசினால் புகை முழுவதும் உள்ளேதான் வருகிறது. கப்பியும் மாட்டியாயிற்று. வடலி வளரத்தான் நான் இருக்கமாட்டேன்.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு பெட்டிக்குள் போட்ட ஒடியல் கூழ்ச் செய்முறையில், மாவை நேரே கொதிநீரில் கரைக்கும்படி இருக்கிறது. அப்படிச் செய்யக்கூடாது. ஒடியல் மாவை முதலில் நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற நீரை இறுத்து ஊற்ற வேண்டும். இரண்டு தடவை செய்தால் நல்லது. இல்லாவிட்டால் கசக்கும், வயிற்றையும் கெடுக்கும். மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவிந்த பிறகுதான் அந்த மாவைப் புளிக்கரைசலோடு சேர்த்துக் கரைத்து விட வேண்டும். வெளிநாட்டிலும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறே இதைப் பிரசுரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.