தொலைபேசி விபரக்கொத்துகளைக் கழிவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள மாநகர, நகர, பிரதேச சபைகளின் ஆணையாளர்களுக்கும் செயலாளர்களுக்கும், அச்சபைகளின் பொது நூலகங்களில் கடமையாற்றும் நூலகர்களுக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பாவனைக்கு உதவாதவை என்று நூலகங்களில் ஒதுக்கப்படும் குவியலில் பழைய தொலைபேசி விபரக்கொத்துகளும் கிடப்பதைப் பல தடவை கண்டவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். இனிமேல் அவற்றை அக்குவியலில் சேர்க்காமல், ஆண்டுக்கு ஒரு பிரதியையாவது உள்ளூர்ச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைச் சேர்க்கும் எண்ணம் எனக்குக் கச்சான் சரையொன்றால் வந்தது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒரு மாலை வாங்கிய சரையைக் கச்சான் தீர்ந்தபின் விரித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆங்கில அகர வரிசையில் பெயர்கள், அவற்றோடு ஐந்து இலக்க எண்கள், திருமலை வீதி, பார் வீதி, லொயிட்ஸ் அவெனியூ என்று விலாசங்கள். அவற்றுள் ஒன்று நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவுடன் போய் மருந்து வாங்கிய கடையின் விலாசம். அந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி விற்கிறார்கள். மீதிப் புத்தகத்தைக் கேட்டபோது, ஓர் அலுவலகத்தில் நிறைக்கு வாங்கிய கட்டில் வந்தது என்றும், முன்பாதி முடிந்துவிட்டது என்றும் கச்சான்காரர் சொன்னார். எஞ்சிய பின்பாதிக்கு அவர் கேட்டது இரண்டு சரைக் கச்சானின் விலை. அன்றிலிருந்து சேர்த்ததில் இன்று என்னிடம் 11 பிரதிகள் உள்ளன. நான்குக்கு அட்டை இல்லை.

விபரக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப் பாவிக்கப்பட்ட பொருள் என்பது உடனே விளங்கும். என்னிடமுள்ள ஒன்றின் இடது மேல் மூலையில் ஆணியால் குத்திய துளை இருக்கிறது. கடைக்கு வருபவர் எவரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி அதில் சணல் கயிறு கோத்து மேசைக் காலோடு கட்டியிருந்திருக்கிறார்கள். பின்னட்டையின் உட்புறத்தில் நீல மையால் லொறிக்காரரின் எண், ஐஸ் ஆலையின் எண், பிரசவ விடுதியின் எண் என்று மூன்று வேறு கையெழுத்துகள். அச்சான எண்ணை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயரின் நேரே ‘கனடா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒரு பிரதி இருந்தாலும் அதில் இந்தக் கையெழுத்துகள் இருக்கமாட்டா. உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பார்த்துவரலாமே என்று என்னிடம் சொன்ன நண்பர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

தொலைபேசி இங்கு அரிதாக இருந்த காலத்தை நினைவில் வைத்துக்கொண்டே இப்புத்தகங்களைப் படிக்க வேண்டும். அஞ்சலோடு சேர்ந்திருந்த தொலைத்தொடர்பு 1980இல் தனித் திணைக்களமாகி, 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பனியாயிற்று. அதற்கு முந்திய காலத்தில் ஓர் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள் தபாற் கந்தோருக்குப் போய் ட்ரங்க் கோல் என்ற வெளியூர் அழைப்பைப் பதிந்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தன. ஆகவே அன்றைய பக்கங்களில் வருபவை கச்சேரி, ஆஸ்பத்திரி, மிஷன் பாடசாலை, அரிசி ஆலை, படமாளிகை, சட்டத்தரணி, வைத்தியர், மொத்த வியாபாரி முதலியோரின் பெயர்களே. ஊரின் செல்வாக்கும் வணிகமும் எந்தெந்த வீதியில் குடியிருந்தன என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் வேறு அச்சுப் பிரதியை நான் அறியேன். அதே காரணத்தால் இது வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் புத்தகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்தவர்களின் பெயர்களை இதில் தேடினால் பக்கங்கள் வெறுமையாகவே புரளும். அந்த வெறுமையும் ஒரு தகவல்தான். ஆனால் ஊர் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்று ஆய்வு செய்யும் எந்த மாணவரும் எழுதிவிடக் கூடாது.

நம் இரு மாவட்டங்களும் இழந்தவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரையோடு பறந்த கோப்புகள், 1990இல் யுத்தத்தின்போது வீட்டோடு எரிந்த காணி உறுதிகள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன நாவலடி, கல்லடி, பெரியநீலாவணை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளின் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரு குடும்பம் இன்ன வீதியில் இன்ன இலக்கத்தில் கடை வைத்திருந்தது என்று சொல்லும் ஒரு வரியின் பெறுமதி வேறு. காணி வழக்கில் அந்த ஒரு வரி தனித்து நின்று சாட்சியாகிவிடாது. எந்தக் காலத்துக் கோப்பை, எந்த வீதியின் பழைய பெயரில் தேட வேண்டும் என்பதைக் காட்டும் அளவில் அது உதவும்; அந்த அளவே பலருக்குப் போதும். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அடுத்த பதிப்பில் ஒரு பெயர் காணாமற் போனால் ஆளும் போய்விட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. பில் கட்டாமல் இணைப்பு வெட்டுப்பட்டிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், மகனின் பெயருக்கு மாறியிருக்கலாம்.

தேடும் முறையையும் நூலகர்கள் வாசகருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். தமிழர் பெயரில் தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்து பின்னால் தள்ளப்பட்டு, ஆளின் பெயர் முன்னே வரும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பெயர்களில் முகம்மது என்ற ஒரு சொல்லே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் இல்லை என்று புத்தகத்தை மூடிவிடாமல் மற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமாயிற்று; அதற்கு முந்திய எந்தப் பட்டியலிலும் அக்கரைப்பற்றையும் பொத்துவிலையும் மட்டக்களப்பின் கீழேயே தேட வேண்டும். பின்னாளிலும் அம்பாறைக்கு 063, கல்முனைக் கரைக்கு 067, மட்டக்களப்புக்கு 065 என்று குறியீடுகள் பிரிந்தே இருந்தன. ஐந்து இலக்க எண்கள் ஏழு இலக்கமானபின் அச்சான பதிப்புகளைத் தனியாக அடுக்கினால் குழப்பம் குறையும்.

வீட்டு விபரங்களை இப்படி வைத்திருப்பது தகுமா என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துப் பெயர்கள் எவரும் பார்க்கலாம் என்றே அச்சிடப்பட்டவை. ஐந்து இலக்க எண்ணுக்கு இன்று எவரும் அழைப்பெடுக்கவும் முடியாது. ஆயினும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அண்மைக்காலப் பதிப்புகளை ஒளிவருடி எல்லோருக்கும் திறந்துவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. கடைசி 25 ஆண்டுகளுக்குரியவற்றை நூலகத்துக்குள்ளே, கேட்டு எழுதிய பின் பார்க்க விடலாம். அதற்கு முந்தியவற்றை, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றோருடன் பேசிப் பிரதியெடுக்கலாம்.

பாதுகாப்புக்குப் பெருஞ்செலவு இல்லை. மலிவான தாள் என்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். வாவிக்காற்றின் ஈரமும் மாரிகாலப் பூஞ்சணமும் கறையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நிமிர்த்தி வைத்தால் தன் பாரத்தாலேயே முதுகு கழன்றுவிடும் என்பதால், சுவரில் முட்டாத இரும்பு அலுமாரியில் படுக்கையாக அடுக்கினால் போதும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பத்து ஆண்டில் அதன் பசை எழுத்தையே தின்றுவிடும். வைக்கோலில் தாள் செய்யவென்று 1956இல் தொடங்கிய வாழைச்சேனை ஆலைக்குப் பிற்காலத்தில் பழந்தாள் கட்டுக்கட்டாகப் போனபோது, நம் ஊர்ப் பெயர்கள் எத்தனை அங்கே கூழாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

விபரக்கொத்து என்று நான் சொல்வதில் உள்ளூர்ச் சிறு வெளியீடுகளும் அடங்கும். வர்த்தகர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அச்சிட்ட சட்டைப்பைக் கையேடுகள், மருந்துக்கடைகள் கொடுத்த கலண்டர்களின் பின்பக்கத்து எண் பட்டியல்கள் ஆகியவை கொழும்பிலும் கிடைக்கா. பெரிய புத்தகத்தில் இடம்பெறாத தையற்கடையும் சைக்கிள் திருத்துமிடமும் இவற்றில்தான் இருக்கின்றன.

என்னிடமுள்ள 11 பிரதிகளையும், சரையாகாமல் தப்பிய அந்தப் பின்பாதியோடு, இவற்றுக்கென ஒரு தட்டு ஒதுக்கும் முதல் நூலகத்துக்கு விலையின்றித் தரச் சம்மதிக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதிக்குரிய ஒன்றும் என்னிடம் இல்லை. அது உங்கள் களஞ்சிய அறையின் பழைய அலுமாரிகளில், அல்லது ஓய்வுபெற்ற தபாலதிபர் எவரின் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். இவ்வாண்டுக் கணக்கெடுப்புக்கு முன் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அகப்படும் பிரதியில் மூலைத் துளையும் கயிறும் இருந்தால், அந்தக் கயிற்றை அறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

உண்மையுள்ள,
மட்டக்களப்பிலிருந்து ஒரு நூலக வாசகன்